இலையையே குடிக்கும் தேநீர்: மாட்சா வாங்கும் முன்

போன மார்கழியில் ஓர் அம்மாவும் மகளும் என் ஆலோசனை அறைக்கு வந்தார்கள். மகளுக்கு 26 வயது, ஐ.டி. வேலை. மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். ஆரம்பத்தில் 9.2 ஆக இருந்த ஹீமோகுளோபின், மூன்று மாதம் கழித்து 9.4-இல் நிற்கிறது. மாதவிடாயில் அதிகப் போக்கு, குடலில் ரத்தக் கசிவு போன்ற காரணங்களை மருத்துவர் ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் உணவு முறையைப் பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார். மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை; காலி அட்டைகளைக்கூடக் கொண்டுவந்திருந்தார்கள்.

"காலையில மாத்திரையை எதோட போடறீங்க?" என்று கேட்டேன்.

மகள் வாய் திறக்கும் முன் அம்மா முந்திக்கொண்டார். "பச்சைக் கலர்ல என்னமோ கலக்கிக் குடிக்கறாளுங்க மேடம். மாத்திரையும் அதோடதான் உள்ள போகுது."

மகள் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். "மாட்சா மேடம். காபி, பால் டீ ரெண்டையும் விட்டுட்டு இதுக்கு மாறிட்டேன். உடம்புக்கு நல்லதுன்னுதானே சொல்றாங்க?"

இந்த ஒரு வருடத்தில் இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூளான மாட்சாவைப் பற்றி ஒன்றே ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மற்ற தேநீரில் இலையை வெந்நீரில் ஊறவிட்டு, சாரத்தைக் குடித்துவிட்டு, சக்கையைக் கொட்டிவிடுகிறோம். மாட்சாவில் கொட்ட எதுவும் இல்லை. இலை முழுவதும் வயிற்றுக்குள் போகிறது. அதன் நல்லதும் போகிறது, தொல்லையும் போகிறது.

செடி ஒன்றுதான். நீலகிரியில் வளர்வதும் ஜப்பானின் உஜியில் வளர்வதும் ஒரே தேயிலை இனம். வேறுபாடு வளர்ப்பில் இருக்கிறது. கியோட்டோவை ஒட்டிய உஜி, ஐச்சி மாநிலத்தின் நிஷியோ, தெற்கே கியூஷூவில் யாமே, ககோஷிமா ஆகிய இடங்களில், பறிப்பதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பே மாட்சாவுக்கான தோட்டத்துக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் நாணல் தட்டியும் வைக்கோலும். இப்போது பெரும்பாலும் கறுப்பு வலை. வேரில் உருவாகும் தியானின் என்ற அமினோ அமிலம் இலைக்கு ஏறி, வெயில் பட்டால் துவர்ப்பு தரும் கேட்டகின்களாக மாறும். நிழலில் அந்த மாற்றம் குறைவதால் இலையில் இனிப்புச் சாயல் தங்கிவிடுகிறது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்கச் செடி பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. நல்ல மாட்சாவின் கண்ணைப் பறிக்கும் பச்சை அப்படி வந்ததுதான்.

பறித்த இலையை உடனே ஆவியில் காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கிவிடுவார்கள். இதற்குத் தென்சா என்று பெயர். இதைக் கல் எந்திரத்தில் அரைத்தால்தான் மாட்சா. ஒரு கல்லில் ஒரு மணி நேரத்துக்கு விழுவது 40 கிராம் அளவுக்குத்தான். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி மணம் போய்விடும். மில்லிலிருந்து சுடச்சுட வரும் மிளகாய்த் தூளைக் கையில் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடையில் விற்கும் 30 கிராம் டப்பாவுக்குப் பின்னால் முக்கால் மணி நேரக் கல் ஓட்டமும் மூன்று வாரப் பந்தலும் இருக்கின்றன. அதனால் சாதாரண கிரீன் டீ விலைக்கு மாட்சா கிடைக்கிறது என்றால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. உலகம் முழுக்க இதன் மேல் ஆசை ஏறியதில், 2024-இன் பிற்பகுதியில் கியோட்டோவின் பழம்பெரும் தேயிலைக் கடைகளே ஒருவருக்கு இத்தனை டப்பாதான் என்று வரம்பு வைக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பெண் வைத்த பாக்கெட்டுக்கு வருகிறேன். முன்பக்கம் 'செரிமோனியல் கிரேடு', அதாவது தேநீர்ச் சடங்குக்கான தரம், என்று தங்க எழுத்து. அந்தப் பெயருக்கு ஜப்பானில் சட்டப்படியான வரையறை எதுவும் கிடையாது. வெளிநாட்டுச் சந்தைக்காகப் பிறந்த சொல் அது. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். பின்பக்கம் 'கிரீன் டீ தூள்' என்று மட்டும் இருந்தது. எந்த ஊர், எப்போது அரைத்தது, எதுவும் இல்லை. ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து விரலால் ஓர் இழுப்பு இழுத்தேன். நல்ல மாட்சா கண்மை போலத் தடையில்லாமல் நீண்ட கோடாக இழுபடும். நிறம் இளந்தளிர்ப் பச்சையாக இருக்கும். இது நறநறவென்று பாதியிலேயே நின்றது. நிறம் காய்ந்த மருதாணி இலை மாதிரி. வெயிலில் வளர்ந்த இலையை மிக்சியில் அரைத்த தூளாகத்தான் இருக்க வேண்டும். விஷமல்ல, கலப்படமும் அல்ல. ஆனால் அது மாட்சா இல்லை. வெயில் இலை என்பதால் துவர்ப்புச் சத்தும் அதில் கூடுதல்.

அந்தத் துவர்ப்புச் சத்துதான் மாத்திரையைப் பிடித்து வைத்திருந்தது. பாலிஃபீனால்கள் எனப்படும் தேயிலையின் இந்தத் துவர்ப்புச் சத்துகள் குடலில் இரும்போடு பிணைந்து, உடம்பு உறிஞ்ச முடியாதபடி ஆக்கிவிடும். கீரை, பருப்பு, தானியத்திலிருந்து வரும் இரும்புக்கும் மாத்திரை இரும்புக்கும் இதே கதிதான். பால் சேர்த்துக் குடித்தால் கால்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும். சாதாரண டீயிலும் காபியிலும் உள்ள சிக்கல்தான் இது, மாட்சாவுக்கு மட்டுமானதல்ல. ஆனால் 'கிரீன் டீ ஆச்சே' என்று நாம் விதியைத் தளர்த்திவிடுகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் டீ, காபியைத் தவிர்க்கச் சொல்கிறது. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நான் இரண்டு மணி நேரம் என்றே சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. காலைச் சிற்றுண்டியோடு மாட்சா குடிக்கும் படத்தை யார் பகிர்ந்தாலும் எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வரும்.

"அப்ப நிறுத்திடவா மேடம்?" என்றார் அந்தப் பெண். வேண்டாம் என்றேன். மாத்திரை காலையில் எலுமிச்சைச் சாற்றோடு. மாட்சா மாலை நான்கு மணிக்கு. அவ்வளவுதான் மாற்றினோம். அடுத்த மூன்று மாதத்தில் 11.1 வந்தது.

நான்கு மணி என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. இரண்டு கிராம் மாட்சாவில் 60 மில்லிகிராம் அளவுக்கு கஃபீன் இருக்கும். தியானின் சேர்ந்திருப்பதால் காபி போலப் படபடப்பு வராது என்று பலர் உணர்கிறார்கள். ஆனாலும் கஃபீன் கஃபீன்தான். இரவு எட்டு மணிக்குக் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று வருபவர்களைப் பார்க்கிறேன். கர்ப்பிணிகள் ஒரு நாளில் எல்லா வழியிலும் சேர்த்து 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு கிண்ணம் மாட்சா, ஒரு காபி, ஒரு சாக்லேட் என்று கூட்டிப் பார்த்தால் அந்த எல்லை தூரத்தில் இல்லை.

இனி கலக்கும் முறை. இதில் சொல்ல எனக்கு ஆசை அதிகம், ஏனென்றால் 'கசக்குது' என்று தூக்கிப்போட்ட பலருடைய டப்பாவில் குற்றம் இல்லை, தண்ணீரில்தான் இருந்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் துவர்ப்பு முழுக்க மேலே வந்துவிடும். 70 முதல் 80 டிகிரி போதும். வெப்பமானி வேண்டாம், கொதித்த தண்ணீரைக் காபி ஆற்றுவது போல டபராவுக்கும் டம்ளருக்கும் இரண்டு மூன்று முறை மாற்றுங்கள், பதம் வந்துவிடும். தூள் மிக நைசாக இருப்பதால் கட்டி கட்டும். டீ வடிகட்டியில் போட்டு ஸ்பூனால் தட்டிச் சலித்துவிடுங்கள். இரண்டு கிராம் என்பது மட்டமாக எடுத்த ஒரு டீஸ்பூன். முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுச் சந்தனம் போலக் குழைத்து, பிறகு 70 மில்லி ஊற்றி அடிக்க வேண்டும். சாசென் என்ற மூங்கில் மத்தை, நாரா மாநிலத்தின் தகயாமாவில் ஒரே மூங்கில் துண்டைக் கீறிக் கீறிக் கையால் செய்கிறார்கள். அது இருந்தால் வெந்நீரில் நனைத்து, கிண்ணத்தின் அடியை அழுத்தாமல், மணிக்கட்டை மட்டும் முன்னும் பின்னும் வேகமாக ஆட்டுங்கள். மோர் கடைவது போல வட்டமாகச் சுற்றினால் நுரை வராது. இல்லையென்றால் இறுக்கமான மூடி உள்ள பாட்டிலில் ஆறிய தண்ணீரோடு போட்டுக் குலுக்கினாலும் போதும். பட்ட வெயிலுக்கு அதுதான் எனக்குப் பிடிக்கும். நல்ல தூள் என்றால் சர்க்கரையைத் தேட மாட்டீர்கள். முதலில் ஒரு பச்சைப் பட்டாணி மணம், பிறகு லேசான கசப்பு, விழுங்கிய பின் நாக்கில் ஓர் இனிப்பு.

எடை குறையும் என்று நம்பி, பாலில் கலந்த மாட்சா லாட்டே குடிப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். 200 மில்லி கெட்டிப் பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்தால் ஒரு டம்ளரில் 170 கலோரிக்குக் குறையாது. மாட்சா அதைக் கரைத்துவிடாது. ரெடிமேட் லாட்டே பாக்கெட்டாக இருந்தால் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானதுதான் முதலில் வரும். முதல் சொல் சர்க்கரை என்றால் நீங்கள் வாங்குவது பச்சை நிறச் சர்க்கரை.

டப்பாவைத் திறந்த பிறகு காற்றும் வெளிச்சமும் சூடும் எதிரிகள். சின்ன டப்பாவாக வாங்கி, இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்து, ஒன்றிரண்டு மாதத்தில் முடித்துவிடுங்கள். எடுத்தவுடன் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். குளிர்ந்த தூளில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒரு பெரியவர். 64 வயது, செயற்கை இதய வால்வு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறார். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைத் தடுக்கும் என்பதால், கீரையைக் கூட்டவும் குறைக்கவும் கூடாது என்பதை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர். மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மாட்சா டப்பாவைத் திறப்பதற்கு முன் கேட்டுவிடலாம் என்று வந்தார். "கிரீன் டீ குடிக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க. இதுவும் டீதானுங்களே?" வடிகட்டிய கிரீன் டீயில் வைட்டமின் கே அநேகமாக இறங்குவதில்லை, அது தண்ணீரில் கரையாதது, சக்கையோடு போய்விடும். மாட்சாவில் சக்கையே உள்ளே போவதால், இரண்டு கிராமிலேயே 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. அவருக்கு அது டீ இல்லை, தினமும் கூடுதலாக ஒரு கைப்பிடிக் கீரை. இதய மருத்துவரிடம் பேசி, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்க்காமல் தொட வேண்டாம் என்றேன். டப்பாவை மருமகளிடம் கொடுத்துவிட்டார்.

மாட்சா மாத்திரை, கிரீன் டீ சாறு கேப்ஸ்யூல் என்று விற்பவற்றை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒரு நாளில் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி. என்ற கேட்டகின் உள்ள மாத்திரைகளால், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது. கிண்ணத்தில் ஒன்றிரண்டு முறை குடிப்பவர்கள் அந்த அளவை நெருங்குவதில்லை.

நீங்கள் தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர் என்றால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டைகளோடு இந்த டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 'டீ குடிக்கிறேன்' என்று மட்டும் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.