ஊசித் துணுக்கில் ஒரு பழுப்பு வளையம்

“மார்பகக் கட்டியில் ஊசி பயாப்ஸி முடிந்துவிட்டது. இப்போது ‘ஐ.எச்.சி. தேவை’ என்கிறார்கள். மறுபடியும் குத்துவார்களா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஐ.எச்.சி. என்பது, திசுவில் குறிப்பிட்ட புரதங்கள் உள்ளனவா என்று ஆன்டிபாடிகளைக் கொண்டு தேடும் சோதனை. பெரும்பாலும் தேவைப்படாது. எடுத்த துணுக்கு மெழுகுக் கட்டியில் பத்திரமாக இருக்கும்; அதிலிருந்தே இன்னும் சில சீவல்கள் எடுத்துக்கொள்வார்கள். ஊசி பட்டால் புற்று பரவும் என்ற பயத்தில் பயாப்ஸியையே தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. ஆபத்து அந்தத் தாமதத்தில்தான்.

பால் நாளத்தின் சுவரில் இரண்டு அடுக்குச் செல்கள் உண்டு. வெளி அடுக்குச் செல்கள் சுருங்கிப் பாலை முன்னே தள்ளுபவை. நாளத்தைத் தாண்டிச் சுற்றுத் திசுவுக்குள் நுழையும் ‘ஊடுருவும் புற்றில்’ இந்த வெளி அடுக்கு இருக்காது. ஆனால், நசுங்கிக் கோணலான சாதாரணச் சுரப்பிகளும் வழக்கமான சாயத்தில் புற்றைப் போலவே தோன்றி நோயியல் மருத்துவரைத் திணறடிக்கும்.

அங்கேதான் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஓர் இலக்கைப் பற்றிக்கொள்ளும் புரதம், வருகிறது. வெளி அடுக்குச் செல்களின் உட்கருவில் பி63 என்ற புரதம் உண்டு. அதை மட்டுமே பற்றும் ஆன்டிபாடியைச் சீவலின் மேல் விட்டுக் கழுவுகிறார்கள். அடுத்து, அந்த முதல் ஆன்டிபாடியைப் பற்றிக்கொள்ளும் இரண்டாவது ஆன்டிபாடி, பெராக்சிடேஸ் என்ற நொதியைச் சுமந்து வருகிறது. பிறகு டி.ஏ.பி. என்ற நிறமற்ற வேதிப்பொருளையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்க்கிறார்கள். நொதி தீர்ந்துபோவதில்லை, டி.ஏ.பி.யை மூலக்கூறு மூலக்கூறாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. விளையும் பழுப்புப் படிவு கரையாது, பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். கண்ணுக்கு எட்டாத ஒரு புரதம் இப்படிப் பழுப்புப் புள்ளியாகிறது. பின்னணிச் சாயத்தால் நீலமாகத் தெரியும் நாளத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தால், அந்த இடத்தில் ஊடுருவல் இல்லை. வளையத்துக்குள் புற்றுச் செல்கள் அடைந்து கிடந்தால், அது நாளத்தைத் தாண்டாத ஆரம்ப நிலை. வளையமே இல்லாத தீங்கற்ற கட்டியும் அபூர்வமாக உண்டு என்பதால் பி63ஐ மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதுவதில்லை.

மெல்லிய ஊசியால் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி.யில் செல்கள் உதிரியாக வருவதால் வளையத்தைப் பார்க்க முடியாது. திசு கலையாமல் வரும் தடித்த ஊசியே இதற்கு ஏற்றது.

ஒரே இலக்கைப் பற்றும் ஆன்டிபாடிகளை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகள் கண்டார்கள். உடல் எப்படி இத்தனை வகை ஆன்டிபாடிகளை உண்டாக்குகிறது என்பதே அவர்களை உந்திய கேள்வி. “இதனால் என்ன பயன்?” என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்குப் பணம் மறுப்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

புற்று உறுதியானால், அதே முறையில் ஹார்மோன்களைப் பற்றும் புரதங்களான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி ஆகியவற்றையும், செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 என்ற புரதத்தையும் பார்ப்பார்கள். புற்றுச் செல் உட்கருக்களில் 1 சதவீதம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான நிறம் ஏற்றாலே ‘பாசிட்டிவ்’; ஹார்மோன் சிகிச்சைக்கு வழி திறக்கும். ஹெர்2 முடிவு 2+, அதாவது உறுதியாகச் சொல்ல முடியாத இடைநிலை, என்று வந்தால் மரபணுச் சோதனையும் வேண்டும்.

இத்தனையும் துணுக்கு 1 மணி நேரத்துக்குள், திசுவைக் கெடாமல் காக்கும் திரவமான ஃபார்மலினில் விழுந்ததா, அதில் 6 முதல் 72 மணி நேரம் ஊறியதா என்பதைப் பொறுத்தது. தவறினால், இருக்கும் ஏற்பியும் இல்லாததுபோல் காட்டிவிடலாம். துணுக்கு எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் ஒவ்வொரு படிவத்திலும் கட்டாயம் எழுத வேண்டும்.