சிக்கல்வழி: ‘மேஸ்’ என்பதற்குத் தமிழ்

‘முயலுக்கு வழி காட்டுங்கள்’ என்று பத்திரிகைச் சிறுவர் பக்கத்தில் வரும் கட்டத்தை, திருகோணமலையில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் ‘மேஸ்’ என்கிறார்கள். புதிர்ப்பாதை என்று தமிழில் எழுதுகிறோம். பிழையில்லை, ஆனால் விடுகதையும் புதிர்தான், எண் விளையாட்டும் புதிர்தான். சிக்கல்வழி என்பதே இதற்கு இயல்பான பெயர் என்பேன்.

ஆங்கிலத்தில் மேஸ் என்பது முதலில் மனக்குழப்பத்தையே குறித்தது. வியக்கவைத்தலைச் சொல்லும் ‘அமேஸ்’ அதன் உடன்பிறப்பு. கிளை பிரியும் வழிகளுக்கு அப்பெயர் பின்னர் வந்தது. கிரேக்கத்திலிருந்து வந்த லாபிரிந்த் வேறு: வளைந்து வளைந்து நடுவுக்குப் போகும் ஒற்றைப் பாதை, வழி தவற இடமே இல்லை. தமிழகத்தில் தரையில் கற்களை வைத்து அமைத்த ஏழுசுற்றுக் கோட்டை அந்த வகை. அதைச் சுற்றுவழி எனலாம். சக்கரவியூகமோ படை வகுப்பு; அந்தப் பெயரை இங்கே இழுக்க வேண்டாம்.

சிக்கு என்றால் நூலோ மயிரோ பின்னிக்கொள்வது, அதிலிருந்தே சிக்கல். திருக்கடலூர்க் கரையில் வலைக்குச் சிக்கெடுப்பவரின் விரல்களைப் பாருங்கள். முடிச்சை அவர் இழுப்பதில்லை, இழுத்தால் இறுகும். தளர்த்திவிட்டு, ஓர் இழையைப் பிடித்து, அது எதன் அடியில் நுழைந்து எங்கே வெளிவருகிறது என்று தொடர்கிறார். கிரேக்கக் கதையில் வழி தவறவைக்கும் கட்டடத்துக்குள் போன வீரன் தீசியஸ் மீண்டு வந்ததும் இளவரசி அரியாட்னே கொடுத்த நூலைப் பிடித்துத்தான். நாம் துப்பு என்று பெயர்க்கும் ‘க்ளூ’வும் முன்பு நூலுண்டையைக் குறித்த சொல்லே!

கடினமான சிக்கல்வழிக்கு வலக்கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் நட என்பார்கள். சுவர்கள் யாவும் ஒன்றோடொன்று தொடர்ந்திருந்தால் அது பலிக்கும். சேருமிடம் தனித்தீவாக நிற்கும் சுவருக்குள் இருந்தால் புறப்பட்ட வாசலுக்கே திரும்புவீர்கள்.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் திரெமோ என்பவர் கண்ட முறை அப்படிக் கைவிடாது. நூலுக்குப் பதில் அடையாளம். ஒரு வழியில் போகும்போதெல்லாம் அதில் ஒரு கோடு இடுங்கள். சந்தியில் கோடில்லாத வழியை எடுங்கள். புது வழியால் பழைய சந்திக்கு வந்துவிட்டால் வந்த வழியே திரும்புங்கள். புது வழி மிஞ்சவில்லையென்றால் ஒற்றைக் கோடுள்ளதில் போங்கள். இரட்டைக் கோடுள்ளதில் ஒருபோதும் நுழையாதீர்கள். வாசல் இருந்தால் கிடைத்தே தீரும், மிகக் குறுகிய வழியாக இல்லாவிட்டாலும்.

தாளில் முழுப்படமும் தெரிவதால் இன்னும் எளிது. முட்டுச்சந்து ஒவ்வொன்றையும் அது பிரிந்த சந்திவரை பென்சிலால் அடைத்துக்கொண்டே வாருங்கள். ஒன்றை அடைத்தால் அடுத்தது முட்டுச்சந்தாகும், அதையும் அடையுங்கள். போன வாரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தலை நிமிராமல் அடைத்துக்கொண்டிருந்தாள். தாள் கறுத்துக் கறுத்து, கடைசியில் முயலிலிருந்து கரட்டுவரை வெள்ளையாக ஒரே ஓர் இழை மிஞ்சியது.