தீர்வோடு வந்து திட்டம் கேட்பவர்களுக்கு

மருத்துவமனைத் தரப் பிரிவுக்கு வரும் மேம்பாட்டுத் திட்ட வரைவுகளில் பெரும்பாலானவை முடிவிலிருந்தே தொடங்குகின்றன. பயிற்சி வகுப்பு, சுவரொட்டி, புதிய படிவம். எந்தச் சிக்கலுக்கு, அது இன்று எவ்வளவு பெரிது என்று கேட்டால், "எல்லோருக்கும் தெரிந்ததுதானே!" என்கிறார்கள். தெரிந்ததை யாராவது எண்ணிப் பார்த்தீர்களா?

சமீபத்தில் வந்த வரைவு இது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய ஆன்டிபயாட்டிக், பெரும்பாலான மருந்துகளில், கீறலுக்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் போடப்பட வேண்டும். அந்தப் பிரிவில் அது தவறுகிறது. பரிந்துரை: வார்டு செவிலியர்களுக்குப் பயிற்சி. முன்பும் அதே பயிற்சிதான் நடந்திருக்கிறது. வருகைப் பதிவேடும் குழுப் புகைப்படமும் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன.

வார்டில் போய் நின்று பார்த்தால் கதை வேறு. தியேட்டரிலிருந்து "நோயாளியை அனுப்புங்கள்" என்று தொலைபேசி வருகிறது. செவிலியர் ஊசியைப் போட்டு உடனே அனுப்பிவைக்கிறார். அங்கே முந்தைய அறுவை இன்னும் முடியவில்லை. நோயாளி ஸ்ட்ரெச்சரில் காத்துக் கிடக்கிறார், ஒரு மணி நேரம் கடந்துவிடுகிறது. 60 நிமிட விதியை அந்தச் செவிலியர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவருக்கு எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள்? ஊசி போடும் இடத்தையும் ஆளையும் மாற்றாமல் ஆயிரம் வகுப்பு எடுத்தாலும் ஊசி அதே நேரத்தில்தான் விழும். வேலை நடக்கும் விதத்தில் உள்ள ஓட்டையை ஊழியரின் அறியாமையாகப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பரவலாகப் பயன்படும் மேம்பாட்டு மாதிரியில் கேள்விகள் மூன்று. எதை அடைய விரும்புகிறோம்? மாற்றம் முன்னேற்றம்தான் என்று எப்படி அறிவோம்? எந்த மாற்றத்தைச் செய்யலாம்? தீர்வு மூன்றாவதாக வருகிறது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

"தொற்றைக் குறைப்போம்" என்பது உறுதிமொழி; அதை இலக்கு என்று எழுதாதீர்கள். "ஆறு மாதத்துக்குள், பொது அறுவைப் பிரிவின் திட்டமிட்ட அறுவைகளில், 90 சதவீதம் பேருக்காவது 60 நிமிடங்களுக்குள் ஆன்டிபயாட்டிக்" என்று எழுதினால் அது இலக்கு. அதற்கு முன் வாரந்தோறும் இருபது கேஸ் ஷீட்டை எடுத்து, ஊசி போட்ட நேரத்தையும் கீறல் நேரத்தையும் மட்டும் குறியுங்கள். எல்லாத் தாளிலும் ஊசி நேரம் சரியாக எட்டு மணி என்றே இருந்தால், பணி முடியும்போது மொத்தமாக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். நேரத்தை உள்ளபடி பதியச் செய்வதுதான் அப்போது உங்கள் முதல் திட்டம்.

மாற்றத்தின் பக்க விளைவையும் அளந்தாக வேண்டும். ஊசியை மயக்க மருத்துவரிடம் மாற்றும்போது, வார்டில் போட்டிருப்பார்கள் என்று அவரும், தியேட்டரில் போடுவார்கள் என்று இவர்களும் விட்டுவிட்டால், மருந்தே போகாத நோயாளிகள் வருவார்கள். அந்த எண்ணிக்கையைத் தனியாக வையுங்கள்.

"முன்பு, பின்பு" என்று இரண்டு தூண் வரைந்து கொண்டுவராதீர்கள். வாரத்துக்கு ஒரு புள்ளி, நடுவே இடைநிலைக் கோடு (பாதிப் புள்ளிகள் மேலே, பாதி கீழே). தொடர்ந்து ஆறு புள்ளிகளாவது கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால் பேசலாம்; ஒரு நல்ல வாரத்தை வைத்துக்கொண்டு இனிப்பு வழங்க வேண்டாம்.

வேறிடத்தில் பலித்தது இங்கும் பலிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைச் சோதித்த எட்டு மருத்துவமனைகளில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009ல் ஆய்வு வெளியானது. கனடாவின் ஒன்டாரியோவில் மாகாணம் முழுவதும் அறுவைப் பட்டியல்களைக் கொண்டுவந்தபோது, குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் தெரியவில்லை என்றது 2014ல் வந்த ஆய்வு. ஆகவே முதல் சோதனை ஒரு தியேட்டர், ஒரு மயக்க மருத்துவர், ஒரு நாள் என்று இருக்கட்டும். சுற்றறிக்கை பிறகு.

முதல் கூட்டத்திலேயே வார்டு செவிலியரையும் தியேட்டர் டெக்னீஷியனையும் உட்கார வையுங்கள். தரவைத் திரட்டப்போகிறவர் முதுநிலை மாணவர் என்றால், அவருடைய பணிச்சுற்று முடிந்த பிறகு யார் என்பதையும் இப்போதே பெயர் போட்டு எழுதிவிடுங்கள்.