நைட் க்ரீமுக்குள் ஒரு எலிப்பொறி

"துபாயிலிருந்து வந்த நாத்தனார் ஒரு நைட் க்ரீம் கொடுத்தாங்க சார். 50 மில்லி டப்பா, விலை 22,000 ரூபாயாம். நாலஞ்சு நாளா போட்டுட்டு வர்றேன். காலையில எழுந்து பார்த்தா முகம் பளபளன்னு இருக்கு, கண் ஓரத்துக் கோடுகூட கொஞ்சம் கம்மியான மாதிரி தெரியுது. இது நிஜமாவே சுருக்கத்தைப் போக்குமா, இல்ல எல்லாம் பணம் பிடுங்குற வேலையா?" என்று கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். உறைபனி போலத் தோன்றும் கண்ணாடி டப்பா, அகலமான வாய், க்ரீமை எடுக்கத் தங்க நிறத்தில் ஒரு குட்டிக் கரண்டி. பொருள் பட்டியல் படத்தைப் பெரிதாக்கினால்தான் தெரிகிறது. தண்ணீர், கிளிசரின், டைமெத்திகோன் என்கிற சிலிக்கோன், ஷியா வெண்ணெய் என்று ஆரம்பித்து, பாதியில் ஃபீனாக்ஸிஎத்தனால் வருகிறது. க்ரீம் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள் இது. அதற்கும் கீழே ரெட்டினைல் பால்மிடேட், கேவியார் என்கிற மீன்முட்டையின் சாறு, கடைசியில் தங்கம்.

இந்தப் பட்டியலைப் படிக்க ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1 சதவீதத்துக்கு மேலுள்ள பொருள்களை அளவின்படி இறங்குமுகமாகத்தான் எழுத வேண்டும். அதற்குக் குறைந்தவற்றை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். ஃபீனாக்ஸிஎத்தனாலை 1 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆகவே அதற்குக் கீழே இருப்பதெல்லாம் 1 சதவீதத்துக்கும் குறைவு. தங்கம் விற்கிற விலையில் எவ்வளவு போட்டிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தங்கத்தைக் கழுத்தில் போட்டால் அவசரத்துக்கு அடகு வைக்கவாவது உதவும். முகத்தில் பூசினால் சுருக்கம் போகும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது.

சரி, அந்த நாலு நாள் பளபளப்பு? அது நிஜம்தான், ஆனால் தண்ணீரின் வேலை. தோலின் ஆக மேலே, இறந்த செல்களால் ஆன ஓர் அடுக்கு இருக்கிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். கிளிசரின் அதில் தண்ணீரை இழுத்து வைக்கிறது, சிலிக்கோனும் வெண்ணெயும் அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் மூடிவிடுகின்றன. அடுக்கு லேசாக உப்புகிறது, மெல்லிய கோடுகள் நிரம்பிவிடுகின்றன. க்ரீமை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். 200 ரூபாய் மாய்ஸ்சுரைசரும் இதைச் செய்யும்.

நிரந்தரச் சுருக்கம் உருவாகும் இடம் அதற்கு வெகு கீழே, அடித்தோலில். அங்கே மூன்று இழைகள் முறுக்கிய கொலாஜன் புரதம்தான் தோலை இறுக்கமாக வைத்திருக்கிறது. வயது ஆக ஆக அதன் உற்பத்தி குறைகிறது. வெயில் அதை உடைக்கவும் செய்கிறது. 1990-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேரி ஃபிஷர், ஜான் வூர்ஹீஸ் குழுவினர் இதைப் படிப்படியாகக் காட்டினார்கள். புற ஊதாக் கதிர் படும்போது செல்லுக்குள் ஏபி-1 என்ற புரதக் கூட்டு விழித்துக்கொள்கிறது, அது கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தயாரிக்கச் சொல்கிறது. தோல் சிவக்கும் அளவுக்கு வெயில் படவேண்டும் என்றுகூட இல்லை. 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த புகைப்படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்: 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர், ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கியிருந்தது. புற ஊதாக் கதிரில் பி என்ற வகையை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். ஏ என்ற வகையைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். நம் ஊர் டிரைவர்களுக்கு இது வலது கன்னத்தில் நடக்கும்.

கொலாஜன்தானே குறைகிறது, அதையே பூசிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அப்படியும் விற்கிறார்கள். ஒரு பொருள் தோலைத் தாண்டி உள்ளே போக அதன் மூலக்கூறு எடை சுமார் 500 டால்டனுக்குள் இருக்கவேண்டும் என்பது தோல் ஆராய்ச்சியில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கொலாஜன் மூலக்கூறு ஒன்றின் எடை சுமார் மூன்று லட்சம். அது மேலேயே உட்கார்ந்து ஈரம் காக்கும், அவ்வளவுதான்.

இப்போது பட்டியலில் நான் தாண்டிப் போன ரெட்டினைல் பால்மிடேட்டுக்கு வருவோம். அது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். பள்ளியில் கேரட், முருங்கைக்கீரை, மாலைக்கண் நோய் என்று படித்த அதே வைட்டமின்தான். அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு ஊற்றும் சொட்டு மருந்தும் இதேதான். கண்ணில் அது செய்யும் வேலை ஒன்று: ஒளி பட்டதும் வளைந்த மூலக்கூறு நிமிர்கிறது, அந்த அசைவு நரம்புச் செய்தியாகிறது. தோலில் அது செய்வது முற்றிலும் வேறு வேலை. அதற்கு வேஷமும் வேறு. பால்மிடேட்டைச் செல்கள் ரெட்டினாலாக மாற்ற வேண்டும், ரெட்டினாலை ரெட்டினால்டிஹைடாக, அதை ரெட்டினாயிக் அமிலமாக. இந்தக் கடைசி வடிவத்துக்குத்தான் செல்லின் உட்கருவுக்குள், டி.என்.ஏ. இருக்கும் இடத்தில், வேலை. ஒவ்வொரு படியிலும் சேதாரம் உண்டு. அதனால்தான் பால்மிடேட் மிகப் பலவீனம், ரெட்டினால் பரவாயில்லை, டாக்டர் எழுதித் தரும் ட்ரெட்டினாயின் பலமானது. ட்ரெட்டினாயின் என்பதே ரெட்டினாயிக் அமிலம்தான்.

உட்கருவுக்குள் நடப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ரெட்டினாயிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்வதற்கென்றே இருக்கும் 'ஏற்பி' என்ற புரதம், அமிலம் வரும்வரை எங்கோ அலைந்துகொண்டிருப்பதில்லை. ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு புரதத்துடன் ஜோடி சேர்ந்து டி.என்.ஏ. மேலேயே உட்கார்ந்திருக்கிறது. எல்லா இடத்திலும் அல்ல. டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ என்ற ஆறெழுத்து, நடுவே பெரும்பாலும் ஐந்தெழுத்து இடைவெளி, மறுபடி அதே ஆறெழுத்து. இப்படிப்பட்ட இடமாகப் பார்த்து அமர்கிறது. ஜோடியில் ஆளுக்கு ஓர் ஆறெழுத்து. அமிலம் இல்லாத நேரத்தில் இந்த ஜோடி, அடக்கும் புரதங்களைப் பக்கத்தில் பிடித்து வைத்திருக்கிறது. டி.என்.ஏ. நூல் ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளின் மேல் சுற்றியிருக்கிறது; அடக்கும் புரதங்கள் அந்தச் சுற்றை இறுக்கமாக வைத்துக்கொள்கின்றன. அந்த இடத்து மரபணுவைப் படிக்க முடியாது.

ஏற்பியின் உடலில் அமிலத்துக்கென்று ஒரு குழி இருக்கிறது. எண்ணெய்ப் பசையான மூலக்கூறு, எண்ணெய்ப் பசையான குழி. குழியைச் சுற்றி, புரதச் சங்கிலியின் பன்னிரண்டு சுருள்கள். பன்னிரண்டாவது சுருள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1995-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் டினோ மோராஸ் குழுவினர் இந்தக் குடும்பத்துப் புரதங்களைப் படிகமாக்கி, எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். காலிக் குழியில் பன்னிரண்டாம் சுருள் வெளியே. அமிலம் உட்கார்ந்த குழியில் அது மடங்கி வந்து வாயை மூடியிருந்தது. எலிப்பொறி என்றுதான் ஆய்வாளர்களே இதை வர்ணித்தார்கள். ஆனால் இந்தப் பொறியில் எலி மாட்டுவதோடு கதை முடிவதில்லை. கதவு மூடிய பிறகுதான் அதன் வெளிப்பக்கமும் அண்டைச் சுருள்களும் சேர்ந்து ஒரு புதிய பள்ளம் உருவாகிறது. தூண்டும் புரதங்கள் வந்து பிடித்துக்கொள்ளும் இடம் அந்தப் பள்ளம்தான். அடக்கும் புரதங்கள் பிடிப்பு இழந்து கழன்று போகின்றன, வந்தவை ஹிஸ்டோன்களில் சின்னச் சின்ன அசிட்டைல் குழுக்களை ஒட்டுகின்றன, இறுக்கம் தளர்கிறது, மரபணு படிக்கப்படுகிறது. வெறும் 300 டால்டன் எடையுள்ள ஒரு மூலக்கூறு குழிக்குள் உட்கார்ந்ததற்கு இவ்வளவும்!

விளைவுகள் பல. மேல்தோல் செல்கள் பெருகுகின்றன, தடிமன் கூடுகிறது. ஆரம்ப வாரங்களில் தோல் உரிவதும் எரிவதும் இதன் பக்கவிளைவே. கொலாஜன் உற்பத்தி கூடுகிறது. மேலே சொன்ன ஏபி-1 அடக்கப்படுவதால் வெட்டும் நொதிகள் குறைகின்றன. எனக்கு மிகப் பிடித்த இன்னொன்று: இப்படித் திறக்கும் மரபணுக்களில் ஒன்று, ரெட்டினாயிக் அமிலத்தையே அழிக்கும் நொதியைத் தயாரிக்கிறது. அமிலம் தன் முடிவுக்குத் தானே ஆள் அனுப்பிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறது.

இந்த ஏற்பியை 1987-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பியர் ஷாம்போன் குழுவும் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் ரொனால்டு எவன்ஸ் குழுவும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இருவருமே முகச் சுருக்கத்தைப் பற்றி நினைக்கவில்லை. ஸ்டீராய்டு ஹார்மோன் ஏற்பிகளுக்கு உறவுக்காரப் புரதங்கள் வேறு உண்டா என்று துழாவிக்கொண்டிருந்தார்கள். அதே காலத்தில் ஷாங்காயில் வாங் ழென்யி குழுவினர் ஒருவகைக் கொடிய ரத்தப் புற்றுநோய்க்கு இதே ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்து, 24 நோயாளிகளுக்கும் நோய் முழுமையாகத் தணிந்ததாக 1988-ல் வெளியிட்டார்கள். அந்த நோயில் உடைந்திருப்பது இதே ஏற்பியின் மரபணு என்பது அப்புறம் தெரியவந்தது. 'இதனால் என்ன பயன்?' என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் மறுப்பவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்லும் கதை இது. 2020-21 கணக்குப்படி நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவழித்தது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அழகுசாதன விளம்பரத்துக்கு நடிகைகள் வாங்கும் தொகையைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

சுருக்கத்துக்கான மருந்தாக இது வந்ததோ வேறொரு வழியில். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் 1960-களின் இறுதியில் இதைப் பருவுக்கு மருந்தாக்கினார். பருவுக்குப் போட்ட நடுவயதுப் பெண்கள் தோல் மழமழவென்று ஆகிவிட்டதாகச் சொல்ல, அவருக்குப் பொறி தட்டியது. கிளிக்மனின் பெயரைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை, பெரும்பாலும் கறுப்பினக் கைதிகளின் தோலில் அவர் ஏராளமான பரிசோதனைகள் நடத்தினார். உள்ளே என்ன போகிறது என்பதுகூடப் பலருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2021-ல்தான்.

ஒழுங்கான ஆதாரம் வூர்ஹீஸ் குழுவின் 1988 சோதனையில் கிடைத்தது. 30 பேர், 16 வாரம். ஒரு முன்கையில் ட்ரெட்டினாயின், மறுகையில் மருந்து மட்டும் இல்லாத அதே க்ரீம். எது எதில் என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 30 பேருக்கும் மருந்து போட்ட கை மேம்பட்டது. 1993-ல் வெளியான இன்னொரு ஆய்வில், 10 முதல் 12 மாதம் போட்டவர்களின் தோலில் கொலாஜன் உருவாவது 80 சதவீதம் கூடியது. வெறும் க்ரீம் போட்டவர்களுக்கு 14 சதவீதம் குறைந்தது. கடையில் கிடைக்கும் ரெட்டினாலுக்கும் ஆதாரம் உண்டு. 2007-ல் சராசரி வயது 87 உள்ள 36 முதியவர்களின் மேல்கை உட்புறத்தில் 0.4 சதவீத ரெட்டினாலை 24 வாரம் பூசிப் பார்த்தார்கள். வெயிலே படாத, வயதால் மட்டும் தளர்ந்த தோல் அது. அங்கும் மெல்லிய சுருக்கங்கள் குறைந்தன.

இந்தச் சோதனைகளில் காலக்கணக்கு எல்லாம் மாதங்களில் என்பதைக் கவனியுங்கள். வாசகியின் நாலஞ்சு நாள் கணக்கில் கொலாஜன் கூடியிருக்க வழியில்லை.

டப்பாவில் எனக்கு இன்னொரு குறை. ரெட்டினால் குடும்பம் காற்றும் வெளிச்சமும் பட்டால் சிதைந்துவிடும். ராத்திரியில் போடச் சொல்வதற்கு முக்கியக் காரணமும் அதுதான். அப்படியிருக்க, தினமும் மூடியைத் திறந்து கரண்டி விட்டு எடுக்கும் அகலவாய்க் கண்ணாடி டப்பா அதற்குச் சரியான பாத்திரமே இல்லை. வெளிச்சம் புகாத அலுமினிய டியூபோ காற்று உள்ளே போகாத பம்ப்போ போதும். பார்க்க அழகாக இருக்காது, மேஜையில் வைத்துப் பெருமைப்பட முடியாது, அதற்கென்ன செய்ய? 22,000 ரூபாயில் பெரும்பகுதி வாசனைக்கும் தடவும்போது வரும் வழுவழுப்புக்கும் கண்ணாடிக்கும் போயிருக்கும். அந்த வழுவழுப்பு பிடித்திருந்தால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஆசைக்கு விலை உண்டுதானே.

சோதித்தே பார்க்க வேண்டுமென்றால் வீட்டிலேயே வழியிருக்கிறது. முகத்தின் ஒரு பாதிக்கு இந்த க்ரீம், மறுபாதிக்கு மலிவான மாய்ஸ்சுரைசர். குறைந்தது மூன்று மாதம். முதல் நாளும் கடைசி நாளும் ஒரே ஜன்னல், ஒரே நேரம், எதுவும் பூசாத முகத்துடன் படம். எந்தப் பக்கம் எது என்று தெரியாத ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். க்ரீம் வாங்கிக்கொடுத்த நாத்தனாரிடம் கேட்காதீர்கள்.

காலையில் சன்ஸ்கிரீன் இரண்டு பக்கமும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் நம்போர் ஊரில் 903 பேரிடம் நாலரை வருடம் நடந்த ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொல்லப்பட்டவர்களுக்குத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவாக இருந்தது. கொலாஜனைக் காலையில் வெயிலுக்குக் கொடுத்துவிட்டு இரவில் க்ரீம் பூசுவது வீண் செலவு.

கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இந்தக் குடும்பத்து க்ரீம் எதையும் போடக்கூடாது. ரெட்டினாயிக் அமிலம் கருவின் வளர்ச்சியையும் இதே ஏற்பிகள் வழியாகத்தான் நடத்துகிறது, அங்கே அளவு பிசகினால் ஆபத்து.

'ட்ரெட்டினாயின் என்றால் மருந்துக்கடையில் மலிவாகவே கிடைக்குமே' என்று யாராவது சொன்னால், டியூபில் முழுப் பெயரையும் படியுங்கள். கூடவே ஹைட்ரோகுவினோன், மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு இரண்டும் இருந்தால் அது மங்குக்கு டாக்டர் குறுகிய காலத்துக்கு எழுதித் தரும் மூன்று மருந்துக் கலவை. 1975-ல் வந்த இந்த வகைக் கலவைக்கும் மூலகர்த்தா கிளிக்மன்தான். நம் ஊரில் அதைச் சிவப்பழகு க்ரீம் என்று நினைத்து, சீட்டு இல்லாமல் வாங்கி, வருடக்கணக்கில் பூசுகிறார்கள். அதிலுள்ள ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்து, ரத்தக் குழாய் தெரியும் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். நிறுத்தினால் முகம் எரியும், சிவக்கும், பரு வெடிக்கும். அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள்.