கவுன்சில் "முடியாது" என்று எழுதினால்: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கான மேன்முறையீடு

ஒரு தாய் என் சமையலறை மேசையில் ஒரு கடிதத்தை வைத்தார். மடித்து மடித்து மடிப்பே கிழியத் தொடங்கியிருந்தது. அவருடைய ஆறு வயது மகனின் சிறப்புக் கல்வித் தேவைகளை மதிப்பீடு செய்யப் போவதில்லை என்று கவுன்சில் எழுதியிருந்தது. "அடுத்த வருசம் திரும்பப் போடலாம் எண்டு பள்ளிக்கூடத்தில சொன்னவை அக்கா, அதான் வைச்சிருந்தனான்" என்றார். திகதியைப் பார்த்தேன். மூன்றரை மாதம் ஓடிவிட்டது. மேன்முறையீடு செய்யும் உரிமையும் அதற்கான காலக்கெடுவும் மூன்றாம் பக்கத்தின் அடியில் எழுதப்பட்டுத்தான் இருந்தன. அவருக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

நான் சொல்லப்போவது இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு மட்டும். வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் சட்டம் வேறு. இங்கே 2014ஆம் ஆண்டில் வந்த சட்டத்தின்படி, பாடசாலை தன் சொந்த வளங்களைக் கொண்டு சமாளிக்க முடியாத பிள்ளைக்குக் கவுன்சில் இ.எச்.சி. பிளான் (கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம்) என்ற ஆவணத்தைத் தயாரிக்க வேண்டும். அந்த ஆவணத்தில் எழுதப்பட்ட கல்வி உதவியைப் பெற்றுத்தருவது கவுன்சிலின் சட்டக் கடமை. பின்னணிக்கு இவ்வளவு போதும்.

நம்மவர்கள் முதலில் சறுக்குவது பணத்தில்தான். "என் பிள்ளைக்கு ஃபண்டிங் தாருங்கள்" என்று கேட்கிறோம். கவுன்சிலும் சந்தோசமாகப் பணக்கணக்கிலேயே பதில் சொல்கிறது: பாடசாலை முதல் 6,000 பவுண்ஸைச் செலவழித்ததற்கு ஆதாரம் இல்லை, உங்கள் பிள்ளை இந்த பாண்டுக்குள், அதாவது உதவித் தொகையின் படிநிலைக்குள், வரவில்லை. அந்த பாண்டை எதிர்த்து, மேன்முறையீடுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. ஆனால் பிள்ளைக்கு என்ன உதவி, யார் கையால், வாரம் எத்தனை மணி நேரம் என்பதை எதிர்த்துப் போகலாம். அது பிளானில் ஏறிவிட்டால் பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பது கவுன்சிலின் தலைவலி. ஆகவே தொகையைக் கேட்காதீர்கள், உதவியைக் கேளுங்கள்.

மதிப்பீடு செய்வதா என்று முடிவெடுக்கச் சட்டம் கேட்பது இரண்டே கேள்வி. பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறதா, அல்லது இருக்கக்கூடுமா? பிளான் மூலம் உதவி செய்வது அவசியமாக இருக்கக்கூடுமா? "கூடுமா" என்ற சொல்லைக் கவனியுங்கள், அவ்வளவு தாழ்வான படி அது. கவுன்சில் கடிதங்களிலோ வேறு நிபந்தனைகள் முளைக்கும். இரண்டு வருடம் பின்தங்கியிருக்க வேண்டும், கல்வி உளவியலாளர் முதலே பார்த்திருக்க வேண்டும், ஓட்டிசம் என்று உறுதியாகியிருக்க வேண்டும், பாடசாலைதான் விண்ணப்பிக்க வேண்டும். இவை எதுவும் சட்டத்தில் இல்லை. பெற்றோர் நேரடியாகக் கவுன்சிலுக்கு எழுதலாம், பாடசாலையில் சிறப்புத் தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியரான சென்கோவின் சம்மதம் தேவையில்லை.

நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு தனிப் பொறி உண்டு. "வீட்டில் தமிழ் பேசுவதால்தான் தாமதம், கொஞ்சம் பொறுங்கள்" என்பார்கள். வீட்டு மொழி வேறு என்ற ஒரே காரணத்துக்காகக் கற்றல் சிரமம் என்று சொல்ல முடியாது என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் தமிழிலும் மூன்று சொல் சேர்த்துப் பேசாத பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்? அதை நாம்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். "தண்ணி" என்று கேட்கத் தெரியாமல் கையைப் பிடித்து இழுக்கிறான், அம்மம்மாவுடன் கதைக்கும்போதும் அப்படித்தான் என்று எழுதுங்கள். பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் இரண்டு மொழியிலும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள், அது வேறு கதை.

சரி, மறுப்புக் கடிதம் வந்துவிட்டது. தொலைபேசியில் சொன்னால் அது முடிவல்ல, எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பித்து ஆறு வாரத்துக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் எழுத்தில் முறையிடுங்கள். இடையில் யாராவது இனிமையாகப் பேசி, "விண்ணப்பத்தை வாபஸ் வாங்குங்கள், பாடசாலைக்குக் கொஞ்சம் மேலதிகப் பணம் தருகிறோம்" என்றால் வாபஸ் வாங்காதீர்கள். வாபஸ் வாங்கினால் முடிவு இல்லை. முடிவு இல்லையென்றால் மேன்முறையீடும் இல்லை.

மேன்முறையீட்டுக்கான காலக்கெடு கடிதத்திலுள்ள திகதியிலிருந்து இரண்டு மாதம், உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல. அதற்குள் கடிதத்தில் உள்ள மத்தியஸ்த ஆலோசகரை அழைத்துவிட வேண்டும். பலர் இங்கே பயந்து நின்றுவிடுகிறார்கள், சமரசத்துக்குச் சம்மதிப்பதாகிவிடுமோ என்று. இல்லை. மேன்முறையீட்டுக்குத் தேவைப்படுவது அவர் தரும் சான்றிதழ்தான். "மத்தியஸ்தம் வேண்டாம், சான்றிதழ் மட்டும் தாருங்கள்" என்று சொன்னால் மூன்று வேலை நாளில் தர வேண்டும். சான்றிதழ் திகதியிலிருந்து ஒரு மாதம், அல்லது கடிதத் திகதியிலிருந்து இரண்டு மாதம், இதில் எது பிந்தியதோ அதுதான் கடைசி நாள். பிளானில் எழுதப்பட்ட பாடசாலையின் பெயரை மட்டும் எதிர்ப்பதென்றால் சான்றிதழே வேண்டாம்.

தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரை அவர்களே இலவசமாகத் தருவார்கள், படிவத்தில் கேட்டிருந்தால். மூத்த மகளைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தம்பியின் குறைகளை அந்நியர் முன் அடுக்கச் சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். உதவிக்கு ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்ற இலவசத் தகவல், ஆலோசனைச் சேவை உண்டு, இப்சியா என்ற தொண்டு நிறுவனமும் இலவச ஆலோசனை தருகிறது. 2022-23 கல்வியாண்டில் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொன்ன வழக்குகளில் 98 சதவீதம், முழுதாகவோ ஒரு பகுதியாகவோ, பெற்றோர் பக்கமே போனது. இது கவுன்சில்களுக்கும் தெரியும். விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதும், காத்திருக்க முடியாமல் பலர் விட்டுவிடுவோம் என்பதும் கூடத் தெரியும்.

பிளான் கிடைத்தவர்களும் ஓய்ந்துவிட முடியாது. வரைவு வந்தால் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள் தருவார்கள். கல்வி உதவியை எழுதும் 'எஃப்' பகுதிக்கு நேரே போங்கள். ஒரு பிளானில் இப்படி இருந்தது: "பேச்சுத் திறனை வளர்க்கும் வாய்ப்புகள் தேவைக்கேற்ப வழங்கப்படும்." அழகான வசனம், அதை வைத்து ஒரு நிமிட உதவியைக்கூடக் கேட்டு வாங்க முடியாது. "பேச்சு மொழிச் சிகிச்சையாளர் வாரம் ஒருமுறை 45 நிமிடம் தனியாகப் பயிற்சி தருவார்" என்று இருக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியைச் சுகாதாரத்துக்கான 'ஜி' பகுதிக்குத் தள்ளியிருந்தால் 'எஃப்' பகுதிக்கு மாற்றச் சொல்லுங்கள். 'ஜி'யில் இருப்பதை மாற்றும்படி கட்டளையிடத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை.

பிளானில் எழுதியும் உதவி வரவில்லையா? பாடசாலை, "எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை" என்று கைவிரிக்கும். அவர்களுடன் மல்லுக்கட்டாதீர்கள். கடமை கவுன்சிலுடையது. எந்த வரி, எத்தனை வாரமாகக் கிடைக்கவில்லை என்று கவுன்சிலுக்கு எழுதுங்கள், மசியாவிட்டால் கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனுக்கு.

அந்தத் தாய் இரண்டாவது முறை விண்ணப்பித்தார். திரும்பவும் மறுப்பு வந்தது. இந்தமுறை கடிதம் வந்த அன்றே அழைத்தார். "அக்கா, திகதி 9. ஆலோசகற்ற நம்பர் மூண்டாம் பக்கத்தில இருக்கு, இப்ப எடுக்கட்டே?"