மதிப்பிழந்த பங்கா, பெறுமானத்துக்குக் கீழ விலைபோற பங்கா?

நேத்து சாயங்காலம் காரைக்குடி வீட்டுல டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு, சரசரன்னு இறங்கின ஒரு டெக் கம்பெனியைப் பத்திப் பேசினவர் "மதிப்பிழந்த பங்கு, இப்ப வாங்கலாம்"னாரு. அப்பச்சி திரும்பிப் பாத்து "மதிப்பு போனதை எதுக்குடா வாங்கணும்?"னு கேட்டாக. நியாயமான கேள்வி. இங்கிலீஷ்ல அண்டர்வேல்யூட்ம்பாங்களே, உள்ள இருக்கிற மதிப்பை விட விலை கம்மியா இருக்கிறது, அதுக்கு இந்தச் சொல்லைப் போடுறதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு.

வேல்யூ லத்தீன்ல இருந்து வந்தது, வலுவா இருக்கிறது, இவ்வளவு பெறும்ங்கிறதுதான் பொருள். நம்ம விலை, வில்ங்கிற வினையில பிறந்தது, விக்கிற காசு. ரெண்டும் வேற வேற, இதைத்தான் டிவிக்காரங்க ஒண்ணாக்கிடுறாங்க.

2016 நவம்பர்ல 500, 1000 ரூபா நோட்டை ஒரே ராத்திரியில செல்லாதுன்னாங்களே, அதுக்குப் பேரு பணமதிப்பிழப்பு. அண்டர்வேல்யூட் அதுக்கு நேர் எதிர், சரக்கு உள்ள அப்படியே இருக்கு, விலைதான் கீழ கிடக்கு. எங்க ஊருல பழைய சாமான் கடைக இருக்கிற முனீஸ்வரன் கோவில் தெருவுல போய் நின்னா புரியும், பங்காளிக வீட்டைப் பிரிச்சு அவசரத்துல கேட்ட விலைக்குத் தள்ளிவிட்ட பர்மா தேக்குத் தூணு சுவத்துல சாத்திக் கிடக்கும், தூசியைத் துடைச்சுத் தட்டிப் பாருங்க, கணீர்னு வைரம் பாஞ்ச மரம், அது என்னத்தை இழந்துச்சு?

2009 ஜனவரி 7ல சத்யம்ங்கிற ஐடி கம்பெனி பங்கு ஒரே நாள்ல முக்கால்வாசிக்கு மேல விழுந்துச்சு. கணக்குல காட்டின ரொக்கத்துல 5,040 கோடி கிடையவே கிடையாதுன்னு சேர்மனே எழுதிக் கொடுத்தாரு. அதைச் சொல்லுங்க மதிப்பிழந்ததுன்னு, ஒத்துக்கிறேன். 2022 பிப்ரவரி 3ல ஃபேஸ்புக் நடத்துற மெட்டா கம்பெனி பங்கு 26 சதவீதம் விழுந்துச்சு, அந்த வருஷம் பெரும்பாலும் இறங்குமுகமாவே இருந்துச்சு, ஆனா விளம்பர வருமானம் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு, 2023ல விலை கிட்டத்தட்ட மூணு மடங்காச்சு. ரெண்டுக்கும் ஒரே சொல்லுன்னா கேக்குறவன் எதை வச்சுப் பிரிச்சுப் பாப்பான்?

சில பேர் மலிவுப் பங்குன்னு எழுதுறாங்க. மலின்னா நிறையுறது, நிறையக் கிடைக்கிறதால விலை கம்மி, அது வேற சங்கதி. அதுவும் போக, ரெண்டு ரூபா பங்கும் மலிவுதான். குறைத்து மதிப்பிடப்பட்ட பங்குங்கிறது தப்பில்ல, ஆனா அந்தப் 'பட்ட' ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி இருக்கு. மொழிபெயர்க்கிறவங்க டிக்‌ஷனரியைத் தொறக்குறதுக்கு முன்னாடி வீட்டுல பேசுறதைக் காது கொடுத்துக் கேக்கலாம். "பத்துப் பைசா பெறாது"ன்னு தினம் சொல்றோமே, அந்தப் பெறுல இருந்து வந்த பெறுமானம்ங்கிற அருமையான சொல்லு சும்மா கிடக்கு. பெறுமானத்துக்குக் கீழ விலைபோற பங்குன்னா அப்பச்சிக்கும் புரியும், நீளமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

அப்படிச் சொன்னா அடுத்த கேள்வி தானா வரும், பெறுமானம் எவ்வளவு? ஒரு வருஷ லாபத்தைப் போல எத்தனை மடங்கு விலை, கடன் எவ்வளவு, காட்டுற ரொக்கம் நெசமா பேங்க்ல இருக்கான்னு பாக்கணும். லாபம் லாப நட்டக் கணக்குல இருக்கும், கடனும் காட்டுற ரொக்கமும் ஐந்தொகையில, அதாவது பேலன்ஸ் ஷீட்ல இருக்கும், ரொக்கம் நெசமான்னு அது மட்டும் சொல்லாது. டிவிக்காரர் "விலை பாதியாயிருக்கு, பெறுமானத்தைக் கணக்கெல்லாம் பாத்துட்டுச் சொல்றேன்"னு சொல்லியிருந்தா அப்பச்சி சேனலை மாத்தியிருக்க மாட்டாக.