டிடெக்டர் பூஜ்யம் காட்டினால் கேஸ் இல்லை என்று அர்த்தமா?

ஹோட்டல் கிச்சன்களில் கேஸ் லைன் செக் செய்வது என் வேலை. போன வருடம் ஓரிடத்தில் 19 கிலோ சிலிண்டர்கள் நிற்கும் அறைக்குள் நுழைந்ததுமே வாடை அடித்தது, ஆனால் கையில் இருந்த டிடெக்டர் அசையாமல் பூஜ்யம் காட்டியது. கதவை நன்றாகத் திறந்துவிட்டு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் ஒரு ஜாயிண்டில் நுரை பொங்குகிறது, டிடெக்டர் முனையை அங்கேயே வைத்தாலும் அதே பூஜ்யம். "உங்க மெஷினுக்கு என் மூக்கே தேவலை சார்" என்றார் மாஸ்டர்.

தப்பு என்னுடையது. மூடி சரியில்லாத சிலிகோன் ஸ்பிரே ஒன்றை அதே டூல் பையில் மாதக்கணக்காகப் போட்டு வைத்திருந்தேன். என்னுடையது போன்ற கருவிகளில் சென்சார் என்பது சூடாக இருக்கும், பாசிமணி மாதிரியான ஒரு குட்டி உருண்டை. கேஸ் அதன் மேல் பட்டு எரியும்போது ஏறுகிற சூட்டைத்தான் அளவாகக் காட்டும். சிலிகோன் ஆவி படிந்துவிட்டால் கேஸ் எரியாது, சூடும் ஏறாது, திரையில் பூஜ்யம்தான். கேஸே இல்லாத இடத்திலும் அதே பூஜ்யம்தான் வரும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அதனால் இப்போது தினமும் காலையில் பம்ப் டெஸ்ட் செய்கிறேன். தண்ணீர் பம்ப் இல்லை, அளவு தெரிந்த கேஸைக் கொஞ்சம் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு முன் வெளிக்காற்றில் ஆன் செய்து, சூடேற விட்டு, அங்கேயே பூஜ்யம் செட் செய்துவிட வேண்டும். கிச்சனுக்குள் செட் செய்தால் அங்கே கசிந்திருக்கும் கேஸையே அது பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்.

நம் ஆட்களில் பலர் சிகரெட் லைட்டரை அமுக்கி டெஸ்ட் செய்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். சமையல் கேஸ் காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், இந்தக் கருவி அளப்பதே அந்த 2 சதவீதத்துக்குள்தான், அதன் முகத்தில் கலப்பில்லாத கேஸைப் பீய்ச்சினால் சென்சார் கெட்டுப்போகும். அப்படியே அலாரம் அடித்தாலும், மெல்லிய கசிவைப் பிடிக்குமா என்று அதில் தெரியாது.

காலிபரேஷன், அதாவது கருவி காட்டும் அளவைச் சரிபார்த்துத் திருத்துவது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று மேனுவலில் இருக்கும், அதன்படி செய்யுங்கள். டெஸ்ட் கேஸ் டப்பாவுக்கும் காலாவதித் தேதி உண்டு, அதை யாரும் பார்ப்பதே இல்லை. அப்புறம், முனையில் உள்ள ஃபில்டர். மைதாத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் உள்ளே கேஸ் போகவே வழியில்லை, எனவே அடைத்ததை மாற்றிவிடுங்கள். வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஸ்பிரிட் எல்லாம் வேண்டாம்.

சிலிகோன் படிந்த சென்சாரைக் கழுவியெல்லாம் மீட்க முடியாது, நானும் புதிதுதான் வாங்கிப் போட்டேன். ஸ்பிரே இப்போது வண்டி டிக்கியில் தனியாக வருகிறது.